நாட்டுப்பாட்டுக்குப் பாய்ந்த மின்சாரம்

(துருக்கியின் அனடோலிய ராக் இசை குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராக் இசை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு லிவர்பூலும் லண்டனும் சான்பிரான்சிஸ்கோவும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்களிலிருந்து 1960களில் கிளம்பிய அலை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உலகத்தின் பாதியைத் தொட்டுவிட்டது. பெரு நாட்டின் லிமா நகரில் 1965-இலேயே லோஸ் சைக்கோஸ் என்று நான்கு இளைஞர்கள் தொண்டை கிழிய ஸ்பானிய மொழியில் கத்திப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1966-இல் பீட்டில்ஸ் டோக்கியோவின் புடோகான் அரங்கில் வாசித்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே ஜப்பானில் ராக் குழுக்கள் வரிசையாக முளைத்தன. பிரேசிலில் ஓஸ் முட்டான்டெஸ் வந்தார்கள். கம்போடியாவில் சின் சிசாமுத்தும் ரோஸ் செரெய் சொத்தியாவும் கெமர் மொழியில் பாடிக் குவித்தார்கள். 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த இருவருமே உயிர் தப்பவில்லை.

இந்த இசையைக் 'கராஜ்' என்றும் 'சைக்கடெலிக்' என்றும் இரண்டு பெயரால் அழைக்கிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் நாலு பையன்கள் கூடி, மலிவான கிட்டாரை வைத்துக்கொண்டு, தெரிந்த மூன்று நான்கு கார்டுகளில் ஆவேசமாக வாசிப்பது முதல் வகை. ஒலியை வேண்டுமென்றே திரித்து, நீட்டி, எதிரொலி ஏற்றி, கேட்பவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோகப் பார்ப்பது இரண்டாவது வகை. ஆங்கிலம் பேசாத நாடுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியாது. ஒரே குழு காலையில் அதையும் மாலையில் இதையும் வாசித்தது.

எல்லா நாடுகளையும் தொட்டுக்கொண்டு ஓட எனக்கு விருப்பமில்லை. துருக்கி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்த இசைக்கு 'அனடோலு ராக்' என்று பெயர். நாட்டின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமப் பாடல்களும் மின்கிட்டாரும் சேர்ந்து பிறந்த இசை அது. அதன் கதையில் ஒரு முரண் உண்டு. ஒரு அரசு நாற்பது ஆண்டுகளாகத் தவமிருந்து கேட்ட இசையைக் கிட்டார் பையன்கள் செய்து கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அதே அரசால் அதைத் தாங்க முடியவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி என்பதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒட்டோமான் பேரரசு சரிந்து துருக்கிக் குடியரசு பிறந்த 1923-இல் ஸியா கோகால்ப் என்ற சிந்தனையாளர் துருக்கியத் தேசியத்தின் அடிப்படைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இசைக்கும் அதில் ஒரு சூத்திரம் சொன்னார். அரண்மனை வளர்த்த ஒட்டோமான் செவ்வியல் இசை நமக்கு அந்நியம். கிராமத்து மக்களின் பாட்டே நம்முடையது. அந்தப் பாட்டை மேற்கத்திய இசை முறையோடு இணைத்தால் தேசிய இசை கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. புதிய அரசு அதை அப்படியே பிடித்துக்கொண்டது. 1934-இல் ஒட்டோமான் பாணி இசையை வானொலியில் ஒலிபரப்பவே கூடாதென்று தடை வந்தது. 1936 வரை அது நீடித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பி எகிப்திய நிலையங்களைக் கேட்டார்கள்.

1936-இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கை வரவழைத்தார்கள். அவர் துருக்கியின் தென்பகுதிக் கிராமங்களுக்குப் போய் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தார். அவரோடு சென்ற அத்னான் சைகுன் போன்றவர்கள் நாட்டு மெட்டுகளை வைத்து ஆப்பெராவும் சிம்பொனியும் எழுதினார்கள். தரமான படைப்புகள்தான். ஆனால் அன்காராவின் கச்சேரி மண்டபத்தைத் தாண்டி அவை வயல்காட்டுக்குப் போய்ச் சேரவில்லை. கோகால்பின் சூத்திரம் காகிதத்திலேயே கிடந்தது.

அதைக் காகிதத்திலிருந்து இறக்கியதில் ஒரு நாளிதழுக்குப் பெரும் பங்கு உண்டு. 1965-இல் ஹுர்ரியெத் பத்திரிகை 'ஆல்தன் மிக்ரொஃபோன்', அதாவது தங்க மைக், என்று ஒரு போட்டியை அறிவித்தது. பாட்டு துருக்கிய மொழியில் இருக்க வேண்டும். நாட்டுப்பாட்டை எடுத்தாண்டாலும் சரி, புதிதாக இயற்றினாலும் சரி. ஆனால் மேற்கத்திய வாத்தியங்களும் மேற்கத்திய முறையும் வேண்டும். இதுதான் நிபந்தனை. அதுவரை இஸ்தான்புல் பையன்கள் எல்விஸையும் ஷேடோஸையும் ஆங்கிலத்திலேயே நகலெடுத்துக்கொண்டிருந்தவர்கள். பரிசு வேண்டுமென்றால் பாட்டியிடம் போய்ப் பாட்டுக் கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

போட்டி நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்த பாடல்களை 45 சுற்று இசைத்தட்டுகளாகப் பத்திரிகையே வெளியிட்டது. குழுக்களை ஊர் ஊராக அழைத்துக்கொண்டு போய்க் கச்சேரி வைத்தது. அங்கே கூடிய மக்களே ஓட்டுப் போட்டார்கள். இஸ்தான்புல் காபிக்கடை ரசிகருக்குப் பிடித்தால் மட்டும் போதாது; அனடோலியாவின் சிறு நகரத்தில் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவருக்கும் பிடிக்க வேண்டும். 1966-இல் ஸிலுவெட்லர் என்ற குழு 'லோர்கே' என்ற கிழக்குத் துருக்கி ஆட்டப்பாட்டை மின்கிட்டாரில் வாசித்து முதல் பரிசு வாங்கியது. 1968-இல் முதலிடம் பிடித்தது தென்கிழக்கு மூலையில் உள்ள பாட்மான் ஊரின் எண்ணெய் நிறுவனக் குழு. பெட்ரோலியத் தொழிலாளர் ஊரிலிருந்து வந்தவர்கள் பெருநகரக் குழுக்களைத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நம் நாட்டையும் பார்த்துவிடலாம். 1970, 71 ஆண்டுகளில் இந்தியாவிலும் இதுபோல் ஒரு போட்டி நடந்தது. சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக பம்பாயில் நடத்தப்பட்ட 'சிம்லா பீட்' அது. சென்னை, பெங்களூர், கல்கத்தா என்று பல ஊர்களிலிருந்து குழுக்கள் வந்தன. நல்ல கைவேலைக்காரர்கள் அதில் இருந்தார்கள். அந்த இசைத்தட்டுகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஆனால் பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. தாய்மொழியில் பாடு என்று அங்கே யாரும் நிபந்தனை வைக்கவில்லை. கல்லூரி வளாகத்தைத் தாண்டி அந்த இசை எந்தத் தெருவுக்கும் போகவில்லை என்பதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். முக்கியமான காரணம் என்று சொல்வேன்.

இனி வாத்தியத்துக்கு வருவோம். துருக்கிய நாட்டுப்பாட்டின் உயிர் பாலாமா என்ற நரம்பு வாத்தியத்தில் இருக்கிறது. சாஸ் என்றும் சொல்வார்கள். பேரிக்காயைப் பாதியாக அரிந்தது போன்ற மரக்குடம், நீளமான கழுத்து, மூன்று தொகுதியாகக் கட்டிய ஏழு தந்திகள். கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுகள் (ஃபிரெட்) உலோகத்தால் ஆனவை, இடம் மாறாதவை. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. பாலாமாவில் நைலான் இழையைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு மெட்டு கட்டுகிறார்கள். சித்தாரைப் போல் அவற்றை நகர்த்தவும் செய்யலாம். ஒரு ஸ்தாயிக்கு ஏறக்குறைய பதினேழு மெட்டுகள் வரும். அதாவது கிட்டாரில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் நுண்சுருதியை இந்த வாத்தியம் வெளியே எடுத்துப் பாடும்.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பாட்டுகள் சட்டென்று பிடிபட ஒரு காரணம் உண்டு. மகாம் என்பது துருக்கியரின் ராகம். ஹிஜாஸ் என்ற மகாமின் அடிப்படை நான்கு ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் ச ரி க ம-வுக்கு வெகு நெருக்கமானவை. தாளமும் அப்படித்தான். மேற்கத்திய ராக் பெரும்பாலும் நாலில் நடக்கும். துருக்கிய ஆட்டப்பாட்டில் ஐந்தும் ஏழும் ஒன்பதும் சர்வ சாதாரணம். அவர்கள் ஒன்பதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிப்பார்கள். 'தக தக தக தகிட' என்று சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். கண்டசாபும் மிஸ்ரசாபும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது வீட்டுக்கணக்கு. லண்டன் டிரம்மர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்தப் பாலாமாவில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பொருத்தி, மின்கிட்டாரின் ஒலிபெருக்கியோடு இணைத்தவர்களில் முன்னோடி எர்கின் கொராய். முதன்முதலில் செய்தவர் அவரே என்று பலரும் சொல்வார்கள். 1941-இல் இஸ்தான்புல்லின் காதிகொய் பகுதியில் பிறந்தவர். தாயார் பியானோ ஆசிரியை. ஜெர்மன் பள்ளியில் படிக்கும்போதே, 1950களின் கடைசியில், மேடையேறி ராக் வாசித்தவர். தோள் வரை முடி வளர்த்ததற்காகத் தெருவில் தாக்கப்பட்டவர். பிற்காலத்தில் நாடே அவரை 'எர்கின் பாபா', அதாவது எர்கின் அப்பா, என்று அழைத்தது. 2023 ஆகஸ்டில் கனடாவில் காலமானார்.

1974-இல் வெளிவந்த அவருடைய 'எலெக்ட்ரோனிக் துர்குலர்' என்ற இசைத்தட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மின்னணு நாட்டுப்பாடல்கள் என்பதே அதன் தலைப்பு. அதில் 'ஜெமாலிம்' என்று ஒரு பாட்டு. நடு அனடோலியாவின் உர்குப் பகுதியில் ஜெமால் என்ற மனிதர் கொல்லப்பட்டபோது அவர் மனைவி ஷெரிஃபே அழுது பாடியதாக வழங்கும் ஒப்பாரி அது. ரெஃபிக் பஷாரான் என்ற நாட்டுப்புறப் பாடகர் வழியாக அது வெளியே வந்தது. ஒப்பாரியை ராக் ஆக்குவதென்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? வேகத்தைக் கூட்டியிருப்பார், டிரம்ஸை உரக்க அடித்திருப்பார் என்று நினைப்போம். கொராய் வேகத்தைக் கூட்டவேயில்லை. குரலை உயர்த்தவில்லை. அடியில் தாளம் நிதானமாக நடக்க, அழுகிற இடத்தைக் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறார். ஃபஸ் பெடல் என்று ஒரு சிறு பெட்டி உண்டு. கிட்டாரின் தெளிந்த நாதத்தில் கரகரப்பு ஏற்றுவது அதன் வேலை. அமெரிக்கப் பையன்களின் கையில் அது கோபத்தின் ஒலி. இந்தப் பாட்டில் அது அழுது அழுது கட்டிப்போன ஒரு பெண்ணின் தொண்டையாகிவிடுகிறது. சைக்கடெலிக் என்ற சொல்லையே கேட்டிராத உர்குப் கிழவி ஒருத்தி இதைக் கேட்டிருந்தால், தன் ஊர் ஒப்பாரிதான் என்று உடனே சொல்லியிருப்பாள்.

மோல்லர் குழு வேறு வழியில் போனது. 1967-இல் உருவான இந்தக் குழுவினர் அனடோலியாவில் சுற்றி நாட்டுப்புற வாத்தியங்களையும் ஆட்ட மெட்டுகளையும் கற்றுக்கொண்டார்கள். ஜாஹித் பெர்காய் கிட்டாரையும் பாலாமாவையும் வில்லால் இழைக்கும் தம்பூரையும் மாற்றி மாற்றி வாசிப்பார். முராத் செஸ் ஆர்கனில் இருப்பார். 'அனடோலு பாப்' என்று இந்த இசைக்கு இன்னொரு பெயர் சூட்டியவரும் முராத் செஸ்தான். பிரான்சில் அவர்கள் வெளியிட்ட துருக்கிய நடனங்களும் தாளங்களும் அடங்கிய இசைத்தட்டு 1971-இல் ஷார்ல் குரோ அகாதமியின் பெரும் பரிசைப் பெற்றது. கோகால்பின் கனவில் சிம்பொனிக்காரர்கள் வாங்க வேண்டிய மாலை அது. கிட்டார் பையன்கள் கழுத்தில் விழுந்தது.

பாரிஷ் மான்சோ மக்களின் செல்லப்பிள்ளை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கலைப்படிப்பு முடித்துவிட்டு வந்தவர். முறுக்கு மீசை, நீண்ட முடி, விரல் நிறைய மோதிரம், ஒட்டோமான் காலத்து அங்கி. 1970-இல் கிட்டாரையும் கெமெஞ்சே என்ற சிறு வில்வாத்தியத்தையும் மட்டுமே முன்னிறுத்தி அவர் பாடிய 'தாலர் தாலர்' 7 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். 1972-இல் அவர் அமைத்த குழுவின் பெயர் 'குர்தாலான் எக்ஸ்பிரஸ்'. அந்நாளில் இஸ்தான்புல்லிலிருந்து தென்கிழக்கின் கடைசி நிலையம் வரை போன ரயிலின் பெயர் அது. பெயரிலேயே வழியைச் சொல்லிவிட்டார்.

இதுவரை எல்லாம் சுபம். அரசு கேட்டது கிராமப் பாட்டும் மேற்கத்திய முறையும், இரண்டும் கிடைத்துவிட்டன. அப்புறம் என்ன சிக்கல்?

மெட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு வர முடியாது என்பதுதான் சிக்கல். துருக்கிய கிராமப் பாட்டின் பெரும் பகுதி ஆஷிக் என்ற பாணர்கள் பாடியது. தோளில் சாஸைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள் அவர்கள். காதலைப் பாடினார்கள், கடவுளைப் பாடினார்கள், வரி வசூலிப்பவனையும் நிலக்கிழாரையும் திட்டியும் பாடினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஆட்சியை எதிர்த்து சிவாஸ் நகரில் தூக்கில் தொங்கியவராகப் போற்றப்படும் பீர் சுல்தான் அப்தால் அந்த மரபின் பெருங்கவிஞர். அரசு நாட்டுப்பாட்டை அழகிய கைவினைப் பொருளாக நினைத்தது. அதற்குள் பல நூறு வருடக் கோபம் இருந்ததை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெம் கராஜாவைப் பாருங்கள். 1945-இல் இஸ்தான்புல்லில் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் ஆர்மீனிய நடிகை டோட்டோ கராஜா. இளமையில் எல்விஸ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த இவருக்கு, கட்டாய ராணுவப் பணிக்காகத் தெற்கே போனபோதுதான் நாட்டுப்புறக் கவிதை அறிமுகமானது. திரும்பி வந்து 1967-இன் தங்க மைக் போட்டியில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணர் எம்ராவின் பாட்டைப் பாடி இரண்டாம் பரிசு வாங்கினார். 1975-இல் அவர் வெளியிட்ட 'தாமிர்ஜி சிராவு', கார் பழுதுபார்க்கும் கடையில் வேலைபார்க்கும் எடுபிடிப் பையனின் கதை. பணக்காரப் பெண்ணை அவன் மனதில் வரித்துக்கொள்கிறான். அவன் இடம் எதுவென்று அந்த உலகம் அவனுக்குக் காட்டிவிடுகிறது. 1977-இல் மே தினப் பாட்டைப் பதிவு செய்தார். பாணர் மரபு தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டது.

செல்டா பாஜான் அன்காரா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பொறியியல் படித்தவர். 1976-இல் வந்த அவருடைய முதல் முழு இசைத்தட்டில் ஒரு பாட்டு, பத்திரிகையாளரை அழைத்து எங்கள் கிராமங்களின் நிலையைப் போய்ப் பார்த்து எழுது என்று கேட்கிறது. இன்னொரு பாட்டு, பனி பொழியும் குளிரில் ஏழையின் பசியைச் சொல்வது. அதை இயற்றிய மஹ்ஸுனி ஷெரிஃப் பாட்டுக்காகவே சிறை சென்ற பாணர். குரலில் ஒரு நெளிவு சுளிவும் இல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செல்டா பாடுகிறார். பின்னால் மின்வாத்தியங்கள் உறுமுகின்றன. கொராயின் பாட்டில் அழுத அதே கரகரப்பு இங்கே சாட்சி சொல்ல நிற்கிறது.

அரசு வானொலியும் தொலைக்காட்சியும் இத்தகைய பாட்டுகளுக்குக் கதவைச் சாத்தின. 1980 செப்டம்பர் 12 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது ஜெம் கராஜா மேற்கு ஜெர்மனியில் இருந்தார். திரும்பி வரச் சொல்லி ஆணை வந்தது, அவர் வரவில்லை. 1983-இல் குடியுரிமையைப் பறித்தார்கள். அங்கேயே இருந்து, துருக்கியத் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஜெர்மன் மொழியிலேயே பாடி 1984-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 1987-இல்தான் அவரால் நாடு திரும்ப முடிந்தது. செல்டா 1981-க்கும் 1984-க்கும் இடையில் மூன்று முறை சிறை சென்றார். அவருடைய கடவுச்சீட்டு 1987 வரை கைக்கு வரவில்லை. அரசு ஊட்டி வளர்க்க ஆசைப்பட்ட இசை பேசக் கற்றுக்கொண்டதும் அதன் வாயைப் பொத்தினார்கள்.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2006-இல் செல்டாவின் 1976 இசைத்தட்டை இங்கிலாந்தில் மறுபதிப்பு செய்தார்கள். 2009-இல் அமெரிக்க ராப் பாடகர் மோஸ் டெஃப், அந்தப் பனிப் பாட்டின் துண்டை எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டார். 2015-இல் இன்னொரு அமெரிக்க ராப் கலைஞர் டாக்டர் ட்ரேயும் அதே பாட்டை எடுத்தாண்டார். ஆம்ஸ்டர்டாமில் 2016-இல் உருவான ஆல்தன் கூன் குழு இந்தப் பழைய பாட்டுகளை மறுபடி வாசித்து கிராமி விருதுக்கான பரிந்துரை வரை போனது. நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அரிய தட்டு, விசித்திரமான ஒலி, யாருக்கும் கிடைக்காத முதல் பதிப்பு என்றே இந்த இசையைப் பேசுகிறார்கள். ஒப்பாரியைக் கேட்டுவிட்டு, ஃபஸ் ஒலி அபாரம் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். யார் செத்தார், யார் அழுதார் என்று கேட்பதில்லை. அன்றைக்கு அரசு செய்த அதே தவறுதான் இது: பாட்டிலிருந்து ஒலியை மட்டும் உரித்து எடுத்துக்கொள்வது.

பெரு, கம்போடியா, ஜப்பான், துருக்கி என்று எந்த நாட்டின் பழைய ராக் தட்டு கைக்கு வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பாட்டு இதற்கு முன் யார் வாயில் இருந்தது? இதைப் பாடியவருக்குப் பிறகு என்ன ஆனது? முதல் கேள்வி உங்களைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும். இரண்டாவது கேள்வி வரலாற்றுக்குக் கொண்டுபோகும். கேட்கிற இன்பம் இவற்றால் குறையாது; கூடும்.

துருக்கியிலிருந்து தொடங்க நினைப்பவர்களுக்கு மூன்று தட்டுகளைச் சொல்லி விடைபெறுகிறேன். தாளத்துக்காக மோல்லரின் 1971 தட்டு. ஒலிக்காக எர்கின் கொராயின் 1974 தட்டு. சொல்லுக்காக செல்டாவின் 1976 தட்டு. மூன்றுமே இன்று எளிதில் கிடைக்கின்றன. பாட்டின் பொருளை முதலில் தேடிப் படியுங்கள், அப்புறம் கேளுங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஈடாக அந்தக் கலைஞர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.